21 வயதில் டிஸ்லெக்சியா பரிசோதனை: எங்கே போவது, எதையெல்லாம் கையில் எடுத்துப் போவது?

கேள்வி: எனக்கு 21 வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். இப்போது பி.காம். இறுதியாண்டு, ஆங்கில வழி. வகுப்பில் நடத்துவது புரிகிறது, வாயால் கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு பக்கம் வாசிக்க நண்பர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. தெரிந்த பதிலையும் எழுதி முடிக்க முடியாமல் நான்கு அரியர். சின்ன வயதில் தமிழ் வாசிக்கவே தாமதமாகத்தான் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பியும் இப்படித்தான் திணறுகிறான். இது டிஸ்லெக்சியாவா? இந்த வயதில் பரிசோதிக்க முடியுமா? சான்றிதழ் கிடைக்குமா?
- வாசகர், திண்டுக்கல்

மருத்துவர் பதில்:

முடியும். டிஸ்லெக்சியா என்பது, அறிவுக்குக் குறைவில்லாமலே வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாகும் ஒரு கற்றல் குறைபாடு. வயது ஏறினால் அது மறைந்துவிடுவதில்லை. எந்த வயதிலும் பரிசோதிக்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அரியர் அல்ல, 'தமிழ் வாசிக்கவே தாமதமாகத்தான் வந்தது' என்ற வரி. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறும் பலர் திணறுகிறார்கள். அது பெரும்பாலும் பயிற்சிக் குறைவு, டிஸ்லெக்சியா அல்ல. டிஸ்லெக்சியா என்றால் அதன் தடம் தாய்மொழியிலும் இருக்கும்.

தமிழில் அந்தத் தடம் எளிதில் கண்ணில் படாது. நம் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சீரானது. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளும் மூன்றாம், நான்காம் வகுப்புக்குள் தட்டுத்தடுமாறிப் பிழையில்லாமல் வாசிக்கப் பழகிவிடலாம். வேகம் மட்டும் கூடாது. ஆங்கிலம் அப்படியல்ல. தோ, த்ரூ, டஃப் என்று நாம் சொல்லும் மூன்று சொற்களும் அங்கே ough என்ற ஒரே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. பள்ளியில் 'மெதுவான பையன்' என்று கடந்துபோனது கல்லூரியில் அரியராக வெடிப்பது இதனால்தான்.

எழுத்துப் பிழைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம் தமிழ்நாட்டில் பலருக்கும் உண்டு, பேச்சில் அந்த வேறுபாடு மங்கிவிட்டதால். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் விட்டுப்போவது வேறு. 'கொடுத்தான்' என்று எழுத நினைத்து 'கெடுத்தான்' என்று எழுதுவது, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது, புத்தகத்தைப் பார்த்து எழுதும்போதும் எழுத்து விழுந்துபோவது, இவைதான் கவனிக்க வேண்டியவை.

பரிசோதனைக்கு முன் மற்ற காரணங்களை விலக்கிவிடுங்கள். கண் மருத்துவரிடம் பவர் மட்டும் பார்க்காமல், கிட்டத்தில் இரு கண்களும் ஒன்றாகக் குவிகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் திறன், ரத்தசோகை, தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். கவனக்குறைவுக் கோளாறு டிஸ்லெக்சியாவுடன் சேர்ந்தே வருவது சகஜம் என்பதால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, யாரிடம் போவது? ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் தொடங்குவது செலவில்லாத வழி. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமும் இருக்கின்றன. சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனிடம் வழிகாட்டுதல் கேட்கலாம். பயணம் கிளம்புமுன் போனில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: 18 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கிறீர்களா? தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வாசிப்பைச் சோதிப்பீர்களா? அறிக்கையில் மதிப்பெண்களும் வாசிப்பு வேகமும் தனித்தனியாக இருக்குமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் அதிகம் பயன்படும் நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பு சுமார் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்காக உருவானது. ஏழாம் வகுப்புப் பத்தியை 21 வயதுக்காரர் பிழையில்லாமல் வாசித்துவிடுவார். 'குறைபாடு இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எத்தனை நிமிடத்தில் வாசித்தார் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெரியவர்களின் பரிசோதனையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சரியான பரிசோதனையில் நேரம் குறித்து வாசிக்கச் சொல்வார்கள். 'மொலுடை', 'தபிரிகு' போன்ற பொருளில்லாச் சொற்களைத் தருவார்கள், ஏனென்றால் பழகிய சொற்களை முதல் எழுத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம், இவற்றை ஊகிக்க முடியாது. சொல்லச் சொல்ல எழுதுவது, ஒரு பக்கம் சொந்தமாக எழுதுவது, படங்களை வேகமாகப் பெயரிடுவது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, நுண்ணறிவுச் சோதனை ஆகியவையும் இருக்கும். சில மணி நேரம் பிடிக்கும். இரண்டு அமர்வாக வைத்துக்கொள்ளக் கேளுங்கள். களைத்துப்போய்க் கொடுக்கும் விடைகளால் பயனில்லை.

இதைவிடவும் எடை அதிகம் உங்கள் பழைய வரலாற்றுக்கு. 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 நோயறிதல் கையேடு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சோதனை மதிப்பெண்ணுக்குப் பதிலாக, ஆவணங்களோடு கூடிய கற்றல் சிரம வரலாற்றை ஏற்கலாம் என்கிறது. ஆகவே ஒரு கோப்பு தயாரியுங்கள். தொடக்கப் பள்ளி முன்னேற்ற அட்டைகள், 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நோட்டு ஒன்றிரண்டு, முடிக்காமல் விட்ட விடைத்தாளின் நகல், நீங்கள் எந்த வயதில் வாசிக்கத் தொடங்கினீர்கள் என்று அம்மாவோ அப்பாவோ சொல்ல எழுதிய ஒரு பக்கம். தமிழ்ச் செய்தித்தாளில் ஒரு பத்தியும் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியும் வாய்விட்டு வாசித்து போனில் பதிவு செய்யுங்கள். தம்பியைப் பற்றியும் எழுதுங்கள். டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்வது.

இனி சான்றிதழ். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: தனியார் உளவியலாளரின் அறிக்கை வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மத்திய அரசு இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று கொடுத்து விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் அனுப்புவார்கள். தனியார் அறிக்கையை அங்கே துணை ஆவணமாகக் காட்டலாம். 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் 8, 14, 18 வயதுகளில் சான்றளிப்பதை மையமாக வைத்து எழுதப்பட்டது. அதனால் 'இது சின்னப் பிள்ளைகளுக்கு' என்று உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடும். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் உதவும்.

குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று வந்தால் வேலைவாய்ப்பு, உயர்கல்வி இட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். குறைவாக வந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். தேர்வில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுபவரின் உதவி 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று சொல்ல முடியாது என 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022-இல் அதற்கெனத் தனி வழிகாட்டுதலும் வந்தது. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கல்லூரி முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அரியர் தாள்களின் எண்களைக் கடிதத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள்.

சான்றிதழுக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வைத் தமிழில் எழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது, உங்கள் கல்லூரியில் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். போனில் உள்ள வாசித்துக் காட்டும் வசதியில் பாடத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடருங்கள். டிஸ்லெக்சியாவைப் போக்கும் மாத்திரை கிடையாது. வண்ணக் கண்ணாடி, மூளைப் பயிற்சி வகுப்பு என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் தம்பியையும் அழைத்துப் போங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இந்தக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அவன் இப்போதுதான் எட்டாம் வகுப்பு, சான்றிதழ் வாங்க நேரம் இருக்கிறது.