"எங்கள் ஏவுகணை 200 கிமீ, உங்கள் ரேடார் 400 கிமீ" என்ற வாதங்களில் எந்த எண்ணை நம்பலாம்?

கேள்வி: போர் விமானம், ஏவுகணை, சிப், கப்பல் என எதை எடுத்தாலும் இணையத்தில் ஒரு தரப்பு ஒரு எண்ணைச் சொல்கிறது, மறுதரப்பு அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்கிறது. அமெரிக்கா - சீனா என்றாலும் இந்தியா - பாகிஸ்தான் என்றாலும் இதே கதைதான். இந்த எண்களைச் சாதாரண வாசகர் எப்படி எடைபோடுவது?

பதில்:

அந்த எண்களில் பெரும்பாலானவை பொய் அல்ல. எந்த நிலைமையில் அளந்தார்கள் என்பதை வெட்டிவிட்டுத் தருகிறார்கள், அங்கேதான் சிக்கல். ஆகவே எண்ணைப் பார்த்ததும் "எந்த உயரத்தில், எந்த இலக்குக்கு எதிராக, மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும்?" என்று கேளுங்கள். இதற்கு ராணுவ ரகசியம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பள்ளிக்கூட இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதலில் ரேடார். எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்புக்கு வீச்சு 400 கிமீ என்று சொல்லி, வரைபடத்தில் அந்த ஆரத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே எது பறந்தாலும் காலி என்று எழுதுகிறார்கள். அந்த 400 கிமீ, அதில் பொருத்தக்கூடிய ஏவுகணைகளிலேயே மிக நீண்ட ரகமான 40என்6-இன் அதிகபட்ச வீச்சு. மற்ற ரகங்களுக்கு 250, 120 என்று குறைந்துகொண்டே போகும். அதைவிட முக்கியம், பூமி உருண்டை என்பது. ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, தரை வளைந்து கீழே இறங்குகிறது. ஆன்டெனாவின் உயரம், இலக்கின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் கிமீ கணக்கில் அந்த ரேடாரின் தொடுவான எல்லை. காற்றில் அலை சற்று வளைவதும் இந்தக் கணக்கில் அடக்கம்.

ஆன்டெனா 25 மீட்டர் உயரக் கம்பத்தில் இருக்கிறது, விமானம் 10,000 மீட்டர் உயரத்தில் வருகிறது என்றால் எல்லை சுமார் 430 கிமீ. அதே ரேடார், 50 மீட்டர் உயரத்தில் தரையை ஒட்டி வரும் குரூஸ் ஏவுகணையைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லை வெறும் 50 கிமீ. இடையில் ஒரு குன்று இருந்தால் அதுவும் இல்லை. ஆக, வரைபடத்தில் ஒரே வட்டம் போட்டவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். உயரத்துக்கு ஒரு வட்டம் வேண்டும். ஆன்டெனாவை 9,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன்னெச்சரிக்கை விமானங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதும் இதே சூத்திரத்தில் தெரிந்துவிடும்: அதே 50 மீட்டர் இலக்குக்கு எல்லை 420 கிமீ ஆகிறது.

அடுத்து ஸ்டெல்த், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காதபடி செய்யும் வடிவமைப்பு. "பத்தாயிரம் மடங்கு சிறிதாகத் தெரியும்" என்றால் பத்தாயிரம் மடங்கு அருகில் வரும்வரை தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். ரேடார் கண்டுபிடிக்கும் தூரம் இலக்கின் எதிரொலிப்புப் பரப்பின் நான்காம் மூலத்தை (வர்க்கமூலத்துக்கும் வர்க்கமூலம்) பொறுத்து மாறுகிறது. 300 கிமீ-இல் தெரிந்த இலக்கின் எதிரொலிப்பை 100 மடங்கு குறைத்தால் 95 கிமீ, 10,000 மடங்கு குறைத்தால் 30 கிமீ. இது மிகப் பெரிய ஆதாயம்தான், ஆனால் மாயமாக மறைவது அல்ல. அதுவும் நேர் முன்பக்கத்திலிருந்து, சென்டிமீட்டர் அலைநீள ரேடார்களுக்கு எதிராகச் சொல்லும் கணக்கு. பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் அது மாறும்.

இதற்கு எதிர்த்தரப்பு உடனே சொல்வது: "மீட்டர் அலைநீள ரேடாருக்கு ஸ்டெல்த் எல்லாம் தெரியும்." ஓரளவு உண்மை. ஆனால் ரேடார் அனுப்பும் அலைக் கற்றையின் அகலத்தைப் பாருங்கள். அலைநீளம் 2 மீட்டர், ஆன்டெனா அகலம் 20 மீட்டர் என்றால் 200 கிமீ தொலைவில் கற்றை ஏறக்குறைய 20 கிமீ அகலம். அந்தக் கற்றைக்குள் இடத்தைப் பத்தில் ஒரு பங்காகத் துல்லியப்படுத்தினாலும் 2 கிமீ பிழை நிற்கிறது. "அங்கே ஏதோ வருகிறது" என்று சொல்லலாம், அதை மட்டும் வைத்து ஏவுகணையை மோதவிட முடியாது. கண்டுபிடிப்பது, பின்தொடர்வது, ஏவுகணைக்கு வழிகாட்டுவது மூன்றும் தனித்தனி வேலைகள். வாதத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைக்கும்போதுதான் இரு தரப்புமே தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்கின்றன.

வானிலிருந்து வான் ஏவுகணையின் வீச்சு இன்னும் வழுக்கலான எண். இவற்றில் பெரும்பாலானவற்றின் ராக்கெட் மோட்டார் சில விநாடிகள்தான் எரியும். அதற்குப் பிறகு சேர்த்துவைத்த வேகத்தைச் செலவழித்துக்கொண்டே பறக்கிறது. ஓர் ஏவுகணை 100 விநாடியில் 90 கிமீ பறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி விமானம் விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் நேரே எதிரே வந்தால் அந்த நேரத்தில் அது 30 கிமீ நெருங்கிவிடும், ஆகவே 120 கிமீ தூரத்திலேயே ஏவலாம். அதே விமானம் திரும்பி ஓடினால் 30 கிமீ விலகிவிடும், 60 கிமீ-க்குள் இருந்தால்தான் எட்டும். ஏவுகணை அதேதான், வீச்சு பாதியாகிவிட்டது. ஏவும் உயரமும் சேரும்: தரை மட்டத்துக் காற்று 12 கிமீ உயரத்துக் காற்றைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி, வேகத்தை அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடும். விளம்பரக் கையேட்டில் வருவது, உயரத்தில் வேகமாகப் பறந்து, எதிரே வரும் இலக்கின்மேல் ஏவும் எண். விமானி கவலைப்படுவது எதிரி திரும்பி ஓடினாலும் தப்பாத தூரத்தைப் பற்றி, அந்த எண்ணை யாரும் அச்சடிப்பதில்லை. சீனாவின் பிஎல்-15-க்கு 200 கிமீ-க்கு மேல் என்று சொல்லப்படுகிறது, ஏற்றுமதி ரகமான பிஎல்-15இ-க்கு விளம்பரத்தில் 145 கிமீ. எந்த ரகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக்கூடச் சொல்லாமல் நூற்றுக்கணக்கான பதிவுகள் ஓடின.

2025 மே மாத இந்தியா - பாகிஸ்தான் மோதலில் இந்தியப் பஞ்சாபின் ஹோஷியார்பூர் பகுதியில் பிஎல்-15 ரக ஏவுகணையின் பாகங்கள் கிடைத்தன. இதைக் காட்டி ஒரு தரப்பு "தாக்கியது" என்றது, மறுதரப்பு "தோற்றது" என்றது. கிடைத்த பாகம் நிரூபிப்பது ஒன்றே: அது ஏவப்பட்டது. மோதியதா என்று அறிய விமானத்தின் சிதைவு வேண்டும், அதன் வரிசை எண் வேண்டும், விழுந்த இடம் வேண்டும். ஏவுகணையின் உடல் பெரிய துண்டாகக் கிடந்தால் அதன் வெடிபொருள் வெடிக்கவில்லை என்று எண்ண இடம் உண்டு, அவ்வளவுதான். வீடியோ ஆதாரம் இன்னும் ஆபத்து. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போர் என்று பரவியதால், 2022 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே எப்படி அடையாளம் காண்பது என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. இரவுக்காட்சி, ஆடும் கேமரா, ஒலி இல்லாமை, மிகக் குறைந்த தெளிவு இவை சேர்ந்து வந்தால் பகிர்வதை நிறுத்திவையுங்கள்.

என் பார்வையில், தொழில்நுட்பப் போட்டியில் உண்மையான இடைவெளி தெரியும் இடம் எஞ்சின், அதிலும் டர்பைன் பிளேடு, அதாவது எஞ்சினுக்குள் சுடுவாயு அடித்துச் சுழலும் தகடு. விமானத்தின் உருவத்தைப் படம் பார்த்து நெருங்கிவிடலாம், பிளேடை அப்படி முடியாது. மேலே அடிக்கும் வாயு 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பிளேடு செய்த நிக்கல் உலோகக்கலவையோ 1,350 டிகிரிவாக்கில் உருகத் தொடங்கும். உருகாமல் நிற்பது உள்ளே ஓடும் குளிர்காற்றுப் பாதைகளாலும் மேலே பூசிய பீங்கான் படலத்தாலும்தான். சாதாரண வார்ப்பில் உலோகம் பல படிகங்களாக உறையும். அந்தப் படிகங்கள் சந்திக்கும் எல்லைகளில்தான் சூட்டில் நீட்சியும் விரிசலும் தொடங்கும். ஆகவே முழு பிளேடையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள்.

மெழுகில் பிளேடு வடிவம் செய்து, குளிர்காற்றுப் பாதைகளுக்கான பீங்கான் கருவை உள்ளே வைத்து, வெளியே பீங்கான் குழம்பைப் பல அடுக்காகப் பூசி, மெழுகை உருக்கி எடுத்து, வெற்றிட உலையில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை உலையிலிருந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் கீழே இறக்க வேண்டும். அடியில் சுருள் வடிவக் குறுகிய பாதை ஒன்று உண்டு, அதன் வழியே ஒரே ஒரு படிகம்தான் வளர்ந்து மேலே வரும். கொஞ்சம் வேகமாக இறக்கினால் ஓரங்களில் வேறு படிகங்கள் முளைக்கும். மெதுவாகப் போனால் கனமான தனிமங்கள் பிரிந்து புள்ளிச் சங்கிலிகளாகக் குறை விழும். பீங்கான் கரு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகர்ந்தாலும் சுவர் மெலிந்துபோகும். எல்லாம் சரியாக வந்து, பிறகு வெப்பப் பதப்படுத்தும்போது வார்ப்பில் உள்ளே தங்கிப்போன அழுத்தம் காரணமாகப் புதுப் படிகம் தோன்றிக் கழித்துக் கட்டுவதும் உண்டு. இந்தக் கைப்பக்குவத்தை ஒரு வரைபடத் திருட்டில் வாங்க முடியாது.

அதனால்தான் 1989-இல் அனுமதி பெற்ற இந்தியாவின் காவேரி எஞ்சின் தேஜஸ் விமானத்துக்குள் போகவில்லை, அமெரிக்க எஃப்404 போனது. சீனாவின் ஜே-20 போர் விமானம் 2011-இல் முதன்முதலாகப் பறந்தது, தொடக்க விமானங்கள் ரஷ்ய ஏஎல்-31 எஞ்சினோடுதான் படையில் சேர்ந்தன. 2021-இல் இந்தியா 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கும், அவற்றுக்காக 99 எஞ்சின்களுக்கும் ஒப்பந்தம் போட்டது. முதல் எஞ்சின் ஒப்படைக்கப்பட்டது 2025 மார்ச்சில். விமானத்தின் திறன் பற்றி ஆயிரம் வரி எழுதுவதைவிட இந்த இரண்டு தேதிகள் அதிகம் சொல்கின்றன.

சிப் விஷயத்தில் "அவர்களிடம் 3 நானோமீட்டர் இல்லை, ஆகவே அவர்கள் ராணுவம் பின்தங்கியது" என்பது தவறான தொடர்பு (இந்த எண் சிறியதானால் சிப் நுணுக்கமானது). எஃப்-22 விமானத்தின் மையக் கணினியே இன்டெல் ஐ960 என்ற 1980களின் செயலியை நம்பி வடிவமைக்கப்பட்டது. ஏவுகணைக்கு வழிகாட்டப் பழைய தலைமுறைச் சிப்பே போதும். சிறிய நானோமீட்டர் உண்மையில் தேவைப்படும் இடம் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி, செயற்கைக்கோள் படங்களை மொத்தமாக அலசுவது போன்றவை. 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு குறிவைத்ததும் அதைத்தான்.

அடுத்த ஆண்டே ஹுவாவே மேட் 60 புரோ போனுக்குள் 7 நானோமீட்டர் ரகச் சிப் வந்தது. "தடை தோற்றுவிட்டது" என்று ஒரு கூட்டம் எழுதியது. 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வேலை செய்யும், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவன இயந்திரம் இல்லாமல், 193 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒரே அடுக்கைப் பலமுறை பதித்து அதைச் செய்தார்கள். செய்ய முடியும் என்பது வேறு, கட்டுப்படியாகும் என்பது வேறு. 100 படிகளில் ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் சரியாக வந்தால் முடிவில் 90 சதவீதச் சிப்கள் தேறும். ஒவ்வொரு படியும் 99.5 ஆகக் குறைந்தால் தேறுவது 61. பதிவுகள் கூடக் கூட ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத பிழையும் கூடும். ஆக, சிப்பின் புகைப்படத்தைவிட, எத்தனை லட்சம் எந்த விலையில் வந்தது என்பதே கேட்க வேண்டியது.

ரேடாருக்கு வேண்டியது காலியம் என்ற உலோகம். இன்றைய புதிய ரேடார்கள் பலவற்றின் அனுப்பும் பாகங்கள் காலியம் நைட்ரைடில் ஆனவை. காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பெரும்பாலும் பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் கரைசலில் மிகச் சிறிதளவு கிடைப்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். உலகில் இப்படிப் புதிதாகப் பிரித்தெடுக்கும் (மறுசுழற்சி அல்லாத) காலியத்தில் ஏறக்குறைய எல்லாமே சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டு 1 முதல் சீனா அதற்கு ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயமாக்கியது, 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது, 2025 நவம்பரில் அந்தத் தடையை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. சிப் இயந்திரத்தில் ஒரு தரப்பின் கை ஓங்கினால் மூலப்பொருளில் மறுதரப்பின் கை ஓங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசாத வாதம் எதையும் நான் பொருட்படுத்துவதில்லை.

கப்பல் எண்ணிக்கையைச் சுருக்கமாக முடிக்கிறேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 2023 அறிக்கை சீனாவிடம் 370-க்கு மேல் என்றது, அமெரிக்காவிடம் 290 சொச்சம். அந்த 370-இல் சீனாவின் சிறிய ஏவுகணைப் படகுகள் சுமார் 60 சேர்க்கப்படவே இல்லை. எண்ணிக்கைக்குப் பதில் செங்குத்து ஏவுகுழாய்களை எண்ணிப் பாருங்கள்: சீனாவின் டைப் 055-இல் 112, அமெரிக்காவின் ஆர்லி பர்க் ரகத்தின் புதிய கப்பல்களில் 96. அவை தீர்ந்தால் வழக்கமாகத் துறைமுகத்துக்குத் திரும்பித்தான் நிரப்ப வேண்டும். கடலிலேயே நிரப்பும் கருவியை அமெரிக்கா 2024 அக்டோபரில்தான் ஒரு கப்பலில் சோதித்தது. அதேபோல் விமானங்களை எண்ணும்போது பறக்கத் தயாராக இருப்பவற்றை எண்ணுங்கள். 2023 மார்ச்சில் அமெரிக்க எஃப்-35களில் பணிக்குத் தயாராக இருந்த விகிதம் சுமார் 55 சதவீதம் என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகமே சொன்னது.

கடைசியாக, யாரும் படம் போட்டுப் பகிராத ஒன்று, 155 மிமீ பீரங்கிக் குண்டு. உக்ரைன் போர் தொடங்கியபோது அமெரிக்கா மாதம் 14,000 அளவில் செய்துகொண்டிருந்தது, இலக்கு 1,00,000 என்று அறிவித்தது. எஃகை அடித்து உருவாக்கும் ஆலையைப் பெருக்குவது எளிதான பகுதி. எம்795 ரகக் குண்டு ஒன்றுக்கு 10.8 கிலோ டிஎன்டி என்ற வெடிமருந்து பிடிக்கும். அந்த ரகத்தை மட்டும் மாதம் ஒரு லட்சம் நிரப்பினால் 1,080 டன். அமெரிக்கா தன் மண்ணில் டிஎன்டி செய்வதை 1986-இலேயே நிறுத்திவிட்டது. புதிய ஆலை கட்டுவதற்கான ஒப்பந்தம் கென்டக்கி மாநிலத்தில் போடப்பட்டது 2024 நவம்பரில். அந்த ஆலை உற்பத்தி தொடங்கும்வரை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். உலகின் மிகப் பெரிய ராணுவச் செலவுக்காரருக்கே இதுதான் நிலை. அடுத்தமுறை யாராவது "ஒரே வாரத்தில் முடித்துவிடுவோம்" என்று எழுதினால், எட்டாவது நாளுக்கான வெடிமருந்து எந்த ஆலையில், எந்த மூலப்பொருளில் செய்யப்படும் என்று கேட்டுப் பாருங்கள்.