உயரமான புது பைக்கில் கால் எட்டவில்லை என்றால் என்ன செய்யலாம்?

"என் உயரம் 5 அடி 3 அங்குலம். புதிதாக எடுத்த பைக்கின் சீட் உயரம் 830 மி.மீ. இரண்டு பக்கமும் நுனிக்கால்தான் ஊன்றுகிறது. நிற்கும் இடங்களில் சாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. லோயரிங் லிங்க் போட்டுத் தாழ்த்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிங்க்கை (பின்பக்கத்தைத் தாழ்த்த சஸ்பென்ஷனில் மாற்றிப் போடும் இணைப்புத் துண்டு) கடைசிக்கு வையுங்கள். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் செலவே இல்லாதவை, பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

நிற்பதற்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஒரு பாதம் போதும். சமதரையில் அது இடது பாதம். வலது கால், கால் வைக்கும் ஃபுட்பெக்கிலேயே இருந்து பின் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு நுனிக்கால்களில் நின்றால் கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும், காலடியில் சின்னக் கல் உருண்டாலும் பிடி போய்விடும். குதிகால் வரை ஊன்றிய ஒற்றைக் கால் அப்படி ஆடாது.

ஒற்றைக் கால் முழுசாக எட்ட, இடுப்பை நகர்த்த வேண்டும். வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் இருக்க, இடது பிட்டத்தைச் சீட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே கொண்டுவாருங்கள். இப்போது இடது கால் சீட்டின் அகலத்தைச் சுற்றி வராமல் நேராகக் கீழே இறங்கும். பைக் லேசாகச் சாய்ந்தால் போதும். நகர வேண்டியது நீங்கள், வண்டி இல்லை. இன்ஜினை அணைத்து, சமதரையில், வலது பக்கம் ஒருவரை நிறுத்திக்கொண்டு உடம்புக்குப் பழகும் வரை இதைச் செய்யுங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் ஓட்டிப்போய் நிறுத்திப் பழகுங்கள். நிற்பதற்கு ஓரிரு மீட்டர் முன்பே இடுப்பு நகரத் தொடங்கிவிட வேண்டும். நின்ற பிறகு நகர்ந்தால் காலம் கடந்துவிடும்.

புது பைக்குகள் கீழே சாய்வதற்குக் குட்டைக் கால்களை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. முன்பக்கம் குனியும், எடை திரும்பிய பக்கமே சரியும், எவ்வளவு நீளமான காலாலும் தாங்குவது கஷ்டம். அதனால் வேகத்தை முன் பிரேக்கில் குறைத்துவிட்டு, கடைசி சில மீட்டரைப் பின் பிரேக்கில் மட்டும் முடியுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டியும் தள்ளாடும். கிளட்ச்சைப் பிடித்து முதல் கியரிலேயே நில்லுங்கள். நியூட்ரல் வேண்டுமானால் உருளும்போதே போட்டுவிடுங்கள். நின்ற பிறகு போடப் போனால் ஊன்றிய இடது காலைத்தான் தூக்க வேண்டிவரும்.

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருந்தால், சரிவுப் பக்கம் இறக்கும் கால் எதிர்பார்த்ததை விட இரண்டு மூன்று அங்குலம் கீழே தேட வேண்டியிருக்கும். அங்கே மேட்டுப் பக்கக் காலை இறக்குங்கள். அது வலது காலாக இருந்தால் பின் பிரேக் கிடைக்காது; வண்டியை நேராக நிறுத்தி முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழி, ஜல்லி, மணல், எண்ணெய்க் கறை இருந்தால் ஒரு வண்டி நீளம் முன்போ பின்போ நின்றுவிடுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்ப வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்க வேண்டும். கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள்.

நிறுத்துமிடத்தில் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்தபடி விடாதீர்கள். நுனிக்காலால் பின்னோக்கி உந்தி 180 கிலோ வண்டியை மேட்டில் ஏற்ற முடியாது. முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள். எடுக்கும்போது கிளட்ச்சைப் பிடித்தால் அதுவே பின்னால் உருண்டு வரும், முன் பிரேக்கால் கட்டுப்படுத்தினால் போதும். நகர்த்த வேண்டியிருந்தால் உட்கார்ந்து தவிக்காமல் இறங்கிவிடுங்கள். இடது பக்கம் நின்று, இரண்டு கைகளும் ஹேண்டிலில், இடுப்பு டேங்க்கில் சாய்ந்திருக்க, வண்டியை உங்கள் பக்கம் ஒரு நூல் சாய்த்துத் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சாய விட்டால் பிடிக்க முடியாது.

பழகும் நாட்களில் டேங்க் பாதியாக இருப்பது நல்லது. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. பெரிய டேங்க்கில் அந்த எடை மிக உயரத்தில் உட்காருகிறது, சாயும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி வண்டியிலும் உடையிலும் செய்யக்கூடியவை. தடித்த, வளையாத அடிப்பாகம் உள்ள ரைடிங் பூட்ஸ் சாதாரண செருப்பை விட 20 மி.மீ. வரை கூடுதலாகத் தரும். பூட்ஸ் மாற்றினால் கியர் லீவரின் உயரத்தையும் மாற்றுங்கள், இல்லையென்றால் பூட்ஸின் முனை லீவருக்குக் கீழே நுழையாது.

அடுத்தது ப்ரீலோடு, அதாவது பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு. எடை குறைந்தவர் உட்கார்ந்தால் பின் ஸ்பிரிங் போதுமான அளவு அமுங்காமல், வண்டி உயரமாகவே நின்றுவிடும். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, ஆக்ஸிலிலிருந்து (சக்கரத்தின் நடு அச்சு) நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு ரைடிங் உடையுடன் இரண்டு கால்களையும் ஃபுட்பெக்கில் வைத்து உட்கார்ந்து (ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்) அதே இரு புள்ளிகளை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம், பின் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். சாலை பைக்குகளில் இது சுமார் 30 முதல் 40 மி.மீ. அதற்குக் குறைவாக இருந்தால் ப்ரீலோடு காலரை (ஸ்பிரிங்கை அழுத்தும் வளையம்) ஒவ்வொரு படியாகத் தளர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் தொடாதீர்கள். மேலும் தளர்த்தினால் குழியில் அடிவாங்கும், ஹெட்லைட் மேலே பார்க்கும், திருப்பங்களில் வண்டி சோம்பலாகும்.

சீட்டில் உயரத்தைவிட முன்பகுதியின் அகலம்தான் அதிகம் தொல்லை தரும். 800 மி.மீ. உயரமுள்ள அகலமான சீட்டில் எட்டாதவருக்கு 820 மி.மீ. உயரமுள்ள ஒல்லிச் சீட்டில் எட்டிவிடலாம். நிறுவனமே தாழ்வான சீட் விற்றால் அதை முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் சீட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, தொடை உரசும் முன் ஓரங்களை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஆழமாகக் குழி எடுத்தால் முழங்கால் அதிகம் மடங்கும், நீண்ட பயணத்தில் சீட்டின் அடித்தட்டும் குத்தும். மூல சீட்டை வெட்டாமல், இன்னொரு சீட் வாங்கிச் செதுக்குவது என் பரிந்துரை.

இவ்வளவும் செய்து குறைந்தது ஒரு மாதமாவது ஓட்டிய பிறகும் போதவில்லை என்றால் லிங்க். உங்கள் வண்டியில் ஷாக் அப்சார்பருக்கும் ஸ்விங்ஆர்முக்கும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) நடுவில் லிங்கேஜ் (இணைப்புத் துண்டுகள்) இருந்தால்தான் இது நடக்கும். நேரடியாகப் பொருத்தியிருந்தால் குட்டையான ஷாக் தேவை. பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து ஹேண்டில் மந்தமாகும். அதனால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் ஈடாக மேலே தள்ள வேண்டும், இரண்டும் ஒரே அளவில், போல்ட்டுகளை டார்க் ரென்ச் (குறித்த இறுக்கத்துக்கு முடுக்கும் கருவி) வைத்து முடுக்கி. ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மட்கார்டு கிளாம்ப்பிலோ ரேடியேட்டரிலோ இடிக்கிறதா, பின்னால் ஆளை ஏற்றினால் பின் டயர் உள் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். பள்ளம் மேட்டில் வண்டியின் அடிவயிறு தட்டும் வாய்ப்பும் கூடும்.

சைடு ஸ்டாண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி தாழ்ந்ததும் அதே ஸ்டாண்டு நீளமாகிவிடுவதால் பைக் ஏறக்குறைய நேராக நிற்கும், லேசாக இடித்தாலே வலது பக்கம் சரியும். தாழ்த்துவதற்கு முன்பே வண்டியின் சாய்வுக் கோணத்தை சமதரையில் போன் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோணம் வரும் வரை மட்டும் ஸ்டாண்டைக் குறைத்து வெல்டு வைக்கச் சொல்லுங்கள்.