பங்களாவிலிருந்து வந்த உருண்டை மட்டை

கேள்வி: தோட்டத் துரையின் பங்களாவில் அப்புவாக (வேலையாளாக) இருந்த எங்கள் தாத்தாவிடம், துரை ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன உருண்டை மட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ‘ரைட் அன்ட் டிட்சன், பொஸ்டன்’ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் மங்கலாகப் பதிந்துள்ளன. அப்பாவும் சித்தப்பாமாரும் சிறுவயதில் அதைக் கொண்டுதான் எல்லே (மட்டையால் பந்தை அடித்து ஓடும் ஆட்டம்) ஆடினார்களாம். முத்திரை உள்ள பக்கத்தில் மரம் செதில் செதிலாகக் கிளம்பியிருப்பதால், தச்சு பாஸிடம் கொடுத்து இழைத்து வார்னிஷ் பூச அப்பா எண்ணுகிறார். இது என்ன மட்டை? அப்படிச் செய்யலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தயவுசெய்து இழைக்க வேண்டாம். பாஸிடம் கொடுத்திருந்தால் இன்றே வாங்கி வந்துவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது அமெரிக்க பேஸ்போல் மட்டை. அதிலுள்ள பெயர் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் பெயர். 1869இல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர் அனைவரையும் அமர்த்திக்கொண்ட முதல் பேஸ்போல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸில் ஆடிய ஜோர்ஜ் ரைட், 1871இல் பொஸ்டனில் தொடங்கிய வியாபாரம் அது. பின்னர் ஹென்றி டிட்சன் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். ஜோர்ஜின் தந்தை நியூயோர்க்கில் கிரிக்கெட் கழகமொன்றில் சம்பளம் பெற்றுப் பணியாற்றிய ஆட்டக்காரர் என்பது, கிரிக்கெட்டோடு வளர்ந்த நம் மலையகத்தாருக்குப் பிடித்தமான செய்தியாக இருக்கும். 1890களின் தொடக்கத்தில் ஸ்போல்டிங் நிறுவனம் இக்கடையை வாங்கிய பிறகும் பழைய பெயரிலேயே பொருட்கள் வெளிவந்தன. ஆகவே பெயரை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்க முடியாது. கைப்பிடி தடித்து, நுனியை நோக்கி மெதுவாகப் பருத்துச் செல்லும் மட்டைகள் பொதுவாகப் பழையவை; கைப்பிடி மெலிந்தவை பிற்காலத்தவை. டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மங்கிய எழுத்துகள் மேலும் சில தெரியக்கூடும்.

செதில்களைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அக்காலத்து மட்டைகள் பெரும்பாலும் ஆஷ் மரத்திலோ, அதைவிடக் கனமான ஹிக்கரியிலோ கடையப்பட்டன. ஆஷ் மரத்தில் ஆண்டு வளையங்கள் அடுக்கடுக்காக இருப்பதால், வளையக் கோடுகள் அகன்று விரிந்து தெரியும் முகத்தில் பந்து மீண்டும் மீண்டும் பட்டால், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கிளம்பிவிடும். அதனாலேயே அந்த முகத்தில் முத்திரையைக் குத்தி, முத்திரை மேலே பார்க்குமாறு பிடித்து, கோடுகள் நெருங்கி ஓடும் பக்கத்தால் பந்தை அடிக்க ஆட்டக்காரர்களுக்குக் கற்பித்தார்கள். முத்திரைப் பக்கமே செதிலாகியிருக்கிறதென்றால், அந்த வழக்கத்தை அறியாத கைகள் அதை ஓங்கியிருக்க வேண்டும். அவை உங்கள் அப்பாவின், சித்தப்பாமாரின் கைகளாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். செதில் உள்ள இடத்தில் நார் ஓடும் திசையிலேயே துடையுங்கள். நம் மலைக்குளிரிலும் ஈரத்திலும் பொலித்தீனில் சுற்றி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புச் சூடும் வெயிலும் படாத இடத்தில், வளையாதபடி கிடையாக வையுங்கள். துரை எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த ஆண்டு புறப்பட்டார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, மட்டையோடு சேர்த்து வையுங்கள். எல்லே ஆடியவர்களின் பெயர்களையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.