புதிய இசைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எண்பதுகளில் வந்த இளையராஜா பாடல்களைத் தவிர வேறெதுவும் கேட்டுப் பழக்கமில்லை. புதிதாக ஏதாவது கேட்கலாமென்று செயலியைத் திறந்தால் அதே பாடல்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சந்தா கட்டினால் புதியவை வருமா?
– வாசகர், அல்சூர்

பதில்: வராது. சந்தா கட்டினால் விளம்பரம் நிற்கும், பாடலைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எதை முழுதாகக் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள், உங்களைப் போல் கேட்கிற மற்றவர்கள் வேறென்ன கேட்கிறார்கள் என்ற கணக்கிலிருந்துதான் பெரும்பாலான பரிந்துரைகள் வருகின்றன. பணம் கட்டியதால் அந்தக் கணக்கு மாறிவிடாது. போதாக்குறைக்கு, ஸ்பாட்டிஃபை 2020இல் 'டிஸ்கவரி மோட்' என்றொரு ஏற்பாட்டைத் தொடங்கியது. குறைந்த ராயல்டிக்குச் சம்மதிக்கும் இசை நிறுவனங்களின் பாடல்களைச் சில பரிந்துரைப் பட்டியல்களில் கூடுதலாக முன்னே தள்ளும் ஏற்பாடு அது. 'உங்களுக்காக' என்று வருவதெல்லாம் உங்களுக்காக மட்டும் வருவதில்லை.

காசு செலவில்லாத வழியைச் சொல்கிறேன். பிடித்த பாடலில் வேலை செய்த ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடங்கள். இளையராஜா தனியாக இசையமைக்க வருவதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அந்த வெங்கடேஷ் ராஜ்குமாரின் கன்னடப் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்தவர். அல்சூரில் இருந்துகொண்டு அவற்றைக் கேட்காமல் இருக்கிறீர்கள். அவரிலிருந்து ராஜன்–நாகேந்திரா என்ற கன்னடத் திரையிசை இரட்டையருக்குப் போகலாம். பிறகு பி. காளிங்க ராவ், மைசூர் அனந்தசாமி, சி. அஸ்வத் என்று, கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடும் கன்னட பாவகீதங்களுக்குள் நுழையலாம்.

இன்னொரு பாதையும் உண்டு. 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அவரைப் பின்தொடர்ந்தால் அவருடைய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் கிடைக்கும். கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களில், மேற்கத்திய ஒத்திசைவோடு கேட்பீர்கள். 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பின் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவுடையது. அவர் சிவகுமார் சர்மாவோடும் பிரிஜ்பூஷண் காப்ராவோடும் சேர்ந்து வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' 1967இல் வந்தது. சந்தூரும் குழலும் கிட்டாரும் ராகம் பேசுகிற தொகுப்பு. அதை வரிசை மாற்றாமல் முழுதாகக் கேளுங்கள். முதல் முறை மனத்தில் ஒட்டாவிட்டால் அடுத்த நாளும் கேளுங்கள். ராஜாவின் பாடல்களும் முதல் தடவையிலேயே உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடவில்லை.

கேள்வி: மொழி புரியாத பாட்டைக் கேட்டு என்ன பயன்?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: நாகஸ்வரத்தைக் கேட்கும்போது மொழி புரியவில்லை என்று யாரும் எழுந்து போவதில்லை. கேளுங்கள்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் 1 டி.பி. பென்டிரைவ், உலக இசை ஐயாயிரம் பாடல்களோடு ரூ.450 என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு அந்தக் கொள்ளளவு கிடைக்காது. உள்ளே சிறிய சிப்பை வைத்து, கணினியில் மட்டும் பெரிதாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். நிரம்பிய பிறகு நீங்கள் போடும் கோப்புகள் அழியும். பாடல்களும் திருட்டுப் பிரதிகள்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. பழைய இந்திப் பாடல்கள் கேட்க 'ஒரு மாதம் இலவசம்' என்ற செயலியை யாரோ போனில் போட்டுக் கொடுத்தார்கள். பிடிக்காததால் அதை நீக்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து, ஓராண்டுச் சந்தாவென்று ரூ.1,499 வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. கேட்டால் 'நீங்கள் ஒப்புக்கொண்டது' என்று ஒரே பதில். அப்பா தன்னையே திட்டிக்கொள்கிறார்.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், தவறு அவருடையதல்ல. போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தாவும் நீங்கிவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி நினைப்பார்கள் என்று அந்த நிறுவனத்துக்கும் தெரியும். சேரும் பொத்தானைப் பெரிதாகவும் விலகும் வழியை நான்கு பக்கத்துக்கு அடியிலும் வைப்பது அதற்காகத்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இத்தகைய 13 ஏமாற்று உத்திகளைத் தடைசெய்கின்றன. சந்தாப் பொறி (சப்ஸ்கிரிப்ஷன் டிராப்) அவற்றில் ஒன்று. அந்தச் சொல்லையே புகாரில் எழுதுங்கள்.

இன்றே யு.பி.ஐ. செயலியிலோ வங்கியின் தளத்திலோ ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும், வேண்டாமென்று விலக அதில் வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்பாவுக்கு அந்தக் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசிப் பேச்சு போதாது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் இல்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே வழக்குத் தொடரலாம். விடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து இயர்போன் வாங்கினேன், ஒரு காது கேட்கவில்லை. பில் இல்லை, விற்றவரின் பக்கம் இப்போது காணவில்லை. இந்த ஆண்டில் இது மூன்றாவது. நல்ல இயர்போன் இருந்தால் புதிய இசை பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: முதல் இயர்போன் போனபோதே பில் கேட்கப் பழகியிருக்க வேண்டும். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு விவரம் இருக்க வேண்டுமென்பது சட்டம். இவற்றில் ஒன்றையும் பார்க்காமல் மூன்று முறை பணம் அனுப்பியிருக்கிறீர்கள். பணம் அனுப்பிய விவரத்தோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இப்போதே புகார் செய்யுங்கள். நான்காவதைக் கடையில் காதில் வைத்துப் பார்த்து, பில்லும் வாரண்டி அட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். புதிய இசை பிடிப்பதற்கும் இயர்போன் விலைக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: சந்தா கட்டும் செயலியில் ஒரு பழைய கச்சேரி கேட்டேன். வயலின் என்னை உலுக்கிவிட்டது. வாசித்தவர் யாரென்று தேடினேன். பாடகர் பெயரும் ஒரு வீணைப் படமும் மட்டுமே இருக்கின்றன. கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பாட்டை விற்கிறவர்கள் வாசித்தவர்களின் பெயரை மறைத்து விற்கிறார்கள். பழைய இசைத்தட்டு உறையைத் திருப்பினால் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று பெரும்பாலும் இருக்கும். அதே ஒலிப்பதிவு செயலிக்குள் வரும்போது அந்த வரிகளை வெட்டிவிடுகிறார்கள். சில செயலிகளில் பாடல் விவரம் என்றொரு பகுதி இருந்தாலும், அது பெரும்பாலும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவரோடு நின்றுவிடுகிறது. 'அரிய கச்சேரிகள்' என்று அட்டையில் பொறித்த குறுந்தட்டுப் பெட்டியொன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். உள்ளே ஒரு பக்கவாத்தியக்காரரின் பெயர்கூட இல்லை. விற்றவரிடம் கேட்டபோது 'பாட்டு கேட்கிறதல்லவா' என்றார்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் பதிவு செய்தவர், உரிமையாளர், முதலில் வெளியான ஆண்டு ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்கிறது. வில் பிடித்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இது இருக்க வேண்டும். அரிசி மூட்டையில்கூட ஆலையின் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்தால்தான் அந்த வயலினைத் தொடர்ந்து வேறு பாடகர்களின் கச்சேரிகளுக்கு நீங்கள் போக முடியும். அந்தப் பாதையை அடைத்துவிட்டு, 'உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை' என்று அவர்களே ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள்.

நீங்கள் இருப்பதோ மல்லேஸ்வரம். பெரும்பாடகர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஏழு தந்தி வயலின் வாசித்த சௌடையாவின் பெயரில், வயலின் வடிவத்திலேயே மண்டபம் எழுந்த இடம். அங்கிருந்து எழுதுகிற உங்களுக்கு வயலின்காரரின் பெயர் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. செயலிக்கும் இசை நிறுவனத்துக்கும் எழுதிக் கேளுங்கள். சந்தா கட்டுகிறவர் கேட்கலாம். அதுவரை, பாடகரின் பெயரோடு 'இசைத்தட்டு உறை' என்று சேர்த்துத் தேடுங்கள். சேகரிப்பாளர்கள் பின்னட்டையைப் படமெடுத்துப் போட்டிருப்பார்கள்.

கேள்வி: பழைய இசை கேட்க, பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் ரூ.18,000க்கு வருகிறது. எங்களிடம் எல்.பி. தட்டுகளும் உண்டு.
– வாசகர், பிரேசர் டவுன்

பதில்: பளபளக்கும் பித்தளைக் குழாயோடு வருபவற்றில் பெரும்பாலானவை உதிரிபாகங்களைச் சேர்த்து அண்மையில் செய்தவை, நாய்ப் படமும் புதிதாக ஒட்டியதுதான். கிராமபோனின் எஃகு ஊசி, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுக்கானது. அதன் எடை எல்.பி. தட்டை ஒரே முறையில் உழுதுவிடும். பெட்டி வடிவ மலிவு ரெக்கார்டு பிளேயரும் வேண்டாம். 'எந்தத் தட்டும் போடலாம்' என்று கடைக்காரர் விற்ற ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் கனத்த ஊசி என் எல்.பி. தட்டு ஒன்றைக் கீறிப் பாழாக்கியது.

இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளுக்குத்தான். அதனால் பழைய 78 தட்டுகள் பலவற்றைச் சேகரிப்பாளர்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) ஏற்றிவைத்திருக்கிறார்கள். அவற்றை இலவசமாகக் கேட்கலாம்.

கேள்வி: இசைக்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய் ஒதுக்க முடியும். எதில் போடலாம்?
– கல்லூரி மாணவி, ஜீவன்பீமா நகர்

பதில்: நேரில் கேட்பதில் போடுங்கள். கே.ஆர். ரோட்டில் 1905இல் தொடங்கிய காயன சமாஜம் என்ற இசைச் சபை இருக்கிறது. சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமி இசை விழா நடத்துகிறது. ஜே.பி. நகரில் இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம் உள்ளது. அங்கே நாட்டுப்புற இசைக்கருவிகளின் ஒலியைக் கேட்டுப் பார்க்கலாம். தொம்லூரில் உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரின் நிகழ்ச்சிகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. போகும்போது ஒரு குறிப்பேடு எடுத்துப் போங்கள். மேடையில் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் இலவசக் கணக்கிலேயே தேடலாம். செயலிச் சந்தா இப்போதைக்கு வேண்டாம்.