தேர்தலில் நிற்காமலே கனடாவின் பிரதமரான மார்க் கார்னி ஒரு வங்கிக்காரர். அவர் பேச்சை நம்பலாமா?

அநேகமாக உங்கள் வீட்டுக் கடன் புதுப்பிக்கும் நேரம் வந்திருக்கிறது, இல்லாவிட்டால் கேள்வி இவ்வளவு சூடாக வராது. எம்.பி.யாக இல்லாமலே 2025 மார்ச்சில் பிரதமரானது சட்டப்படி சரிதான். அடுத்த மாதத் தேர்தலில் நெப்பியன் தொகுதியிலும் வென்றுவிட்டார். அதை விடுங்கள். 'நம்பலாமா' என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது.

2009இல் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். கார்னி அப்போது கனடா மத்திய வங்கியின் ஆளுநர். ஏப்ரலில் வட்டியைக் கால் வீதத்துக்கு இறக்கி, 2010 ஜூன் முடியும்வரை அப்படியே வைத்திருப்போம் என்றார். அத்தான் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து எங்கள் ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினார். நானும் மாறும் வட்டியில் கையெழுத்து வைத்தேன்.

2010 ஜூன் 1ஆம் தேதியே வட்டி ஏறியது. செப்டம்பரில் ஒரு வீதமாகிவிட்டது.

"என்னப்பா, ஜூன் முடியுமட்டும் ஏறாது எண்டியள்?" என்றாள் மனைவி. காந்தத்தைத் தூக்கிப் பார்த்தேன். மளிகைக் கடையில் கொடுத்த பிள்ளையார் காந்தம். அதன் அடியில் ஒரு வரி: 'பணவீக்கத்தின் போக்கைப் பொறுத்து'.

இதை வைத்து என்னை கன்சர்வேட்டிவ் ஆள் என்று யாரும் கிளம்பவேண்டாம், கார்னியின் லிபரல் கட்சிக்கு வாக்குப் போட்டவன்தான். கணக்குப் பார்த்தால் எனக்குப் பெரிய நட்டமும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. வாக்கோடு நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறார், நாங்கள்தான் பாதியில் எழும்பிப் போய்விடுகிறோம். 2013இல் ஆளுநராகப் போன இங்கிலாந்து மத்திய வங்கியிலும் இதே கதை. வேலையின்மை 7 வீதத்துக்கு இறங்கும்வரை வட்டியை ஏற்ற யோசிக்கமாட்டோம் என்றார். அது சில மாதங்களிலேயே இறங்கத் தொடங்கியதும் பேச்சு மாறியது. பாட் மக்ஃபாடன் என்ற பிரிட்டிஷ் எம்.பி. 2014இல் அந்த வங்கி 'நம்பி இருக்கமுடியாத காதலன்' மாதிரி நடக்கிறது என்றே சொன்னார்.

கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் 13 வருடம், பிறகு புரூக்ஃபீல்ட் முதலீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவி என்று வந்த மனிதர், சந்தை எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிடுகிறது என்று 2021இல் தடித்த புத்தகம் எழுதினார். கார்பனுக்கு விலை வேண்டும் என்றும் அதில் வாதாடினார். பிரதமரான முதல் நாளே பெட்ரோல், எரிவாயு வாங்குபவர்கள் கட்டிய நுகர்வோர் கார்பன் வரியை நிறுத்தக் கையெழுத்திட்டார். அதற்கும் அடியில் ஏதாவது வரி இருந்திருக்கும், நான் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் அத்தானில்தான். தன் வீட்டுக்கு ஐந்து வருட நிலையான வட்டி எடுத்துவிட்டு எனக்குத் துண்டு ஒட்டினார். என் ஏணியும் இரண்டு வருடமாக அவருடைய கராஜில் கிடக்கிறது.