பதில்: எல்லா நோயாளிப் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்க்கலாமா?

வணக்கம். நாடு முழுவதும் மருத்துவமனைகளை இணைக்கும் திட்டத்தில் பதிவுகளை எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது உடைந்தால் மொத்தமும் போச்சு. பதிவுகள் உருவான இடத்திலேயே இருக்கட்டும். எது எங்கே இருக்கிறது என்ற சுட்டி மட்டும் மையத்தில் போதும். அந்தச் சுட்டியையும் பூட்டி வையுங்கள். ஒருவருக்கு மனநல மருத்துவமனையில் பதிவு இருக்கிறது என்பதே ரகசியம்தான்.

பரிமாற்றத்துக்கு, மருத்துவத் தரவுத் தரநிலைகளை வகுக்கும் எச்எல்7 அமைப்பின் எஃப்எச்ஐஆர் என்ற தரவுப் பரிமாற்றத் தரநிலையும், இணைப்பை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3-உம் இருக்கின்றன. இரு பக்கமும் தான் யார் என்று நிரூபிக்கும் மின்னணுச் சான்றிதழ் கேளுங்கள். இது சுலபமான பகுதி.

ஆளை அடையாளம் காண்பதுதான் உண்மையான தலைவலி. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி என்று இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை, மற்றவருக்கு இல்லை. இருவரையும் தவறாக இணைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகம் வந்தால் தானாக இணைக்க விடாதீர்கள், ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். இணைத்ததைப் பிரிக்கவும் வழி இருக்க வேண்டும்.

அப்புறம் அவசரச் சிகிச்சை. நினைவில்லாதவரிடம் ஒப்புதல் கேட்க முடியாது. மருத்துவர் காரணத்தைப் பதிந்துவிட்டு அவருடைய பதிவைத் திறக்கட்டும், பிறகு அது கட்டாயம் தணிக்கைக்குப் போகட்டும். எஸ்தோனியாவில் தன் பதிவை யார் பார்த்தார்கள் என்று நோயாளியே இணையத்தில் பார்க்கலாம். இதை முதல் நாளிலிருந்தே வையுங்கள், பின்னால் ஒட்டவைப்பது ரொம்பக் கஷ்டம்.