கிளினிக் எட்டாத ஊர்களைக் கண்டுபிடிக்க 5 கிலோமீட்டர் வட்டம் போதுமா?

வரைபடத்தில் கிளினிக்கைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, வெளியே விழும் ஊர்களைக் குறித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் நிச்சயமாகப் போதாது.

நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், மேடும் பள்ளமுமான இடம். எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, மூட்டுவலி. எதிர்மேட்டில் கண்ணுக்குத் தெரிகிற கிளினிக்குக்கு இறங்கி ஏற அவரால் முடியாது. சுற்றிக்கொண்டு பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சியில்தான் போக வேண்டும், அதுவும் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நகரத்திலேயே இப்படி என்றால் கிராமத்தை நினைத்துப் பாருங்கள்.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். வடக்கே ஹ்லபிசா பகுதியில் வீடுவீடாகப் புள்ளி வைத்து அப்படிச் செய்தார்கள். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பாதி வீடுகளுக்கு அருகிலுள்ள கிளினிக்கை அடையவே 81 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நேரம் கூடக்கூட மக்கள் கிளினிக்குக்குப் போவதும் குறைகிறது. இத்தனைக்கும் 1996-லிருந்தே அரசு கிளினிக்குகளில் கட்டணம் கிடையாது! டாக்சிக்கூலியை யார் கொடுப்பது?

வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் (QGIS), உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ்மாட் (AccessMod) ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். சாலை, சரிவு, ஆறு, நிலப்பரப்பு இவற்றைக் கொடுத்தால் ஆக்சஸ்மாட் பயண நேரத்தைக் கணக்கிட்டுத் தரும். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடை என்று வைப்பது வழக்கம். அது திடகாத்திரமான ஆளின் நடை. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் எங்கள் ஆயாவுக்கும் வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், வரைபடம் வேறு மாதிரி வரும். மழைக்காலத்துக்கும் தனியாக ஒன்று போடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே சாலைகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின.

அப்புறம், நடமாடும் கிளினிக்கை நிரந்தரக் கிளினிக் மாதிரி புள்ளி வைக்காதீர்கள். அது வராத நாளில் அந்தப் புள்ளியில் யாரும் இல்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரையைத் தனியார் மருந்துக்கடையிலேயே பெற்றுக்கொள்ளும் அரசுத் திட்டம் 2014-லிருந்து இருக்கிறது. அந்த இடங்களையும் வரைபடத்தில் தனி அடுக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைந்து முடித்ததும் வீடுவீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களிடம் காட்டுங்கள். 1940-இல் இதே மாகாணத்தில் புல்வர் பக்கம் ஃபொலேலாவில் டாக்டர்கள் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி சுகாதார நிலையம் தொடங்கியபோதே பணியாளர்களை வீடுவீடாக அனுப்பித்தான் ஊரை அறிந்துகொண்டார்கள். எந்த ஒற்றையடிப் பாதை வேலி போட்டு அடைபட்டது, எந்த ஓடையைக் கடக்கவே முடியாது என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.